ஜீரோ வீடு

இலுப்பக்குப்பத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் தரை எண்ணைக் கேட்பார்கள். பெண் என்ன படித்திருக்கிறாள், முந்திரித் தோப்பு எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் அப்புறம். "வூடு எத்தினி மில்லி எறங்கியிருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. மில்லி என்ற சொல்லுக்கு அதற்கு முன் அந்த ஊரில் வேறு ஒரு பயன்பாடுதான் இருந்தது.

ஊருக்கு மேற்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். பள்ளத்துக்குள் தண்ணீர் ஊறிவிடக் கூடாது என்று ராட்சத மோட்டார்கள் இரவு பகலாகப் பூமிக்கடியிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தன. அடியில் தண்ணீர் வற்ற வற்ற, மேலே மண் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் வானத்தில் ரேடார் செயற்கைக்கோள்களை வரிசையாகச் சுற்றவிட்டிருந்தார்கள். மேகம், மழை, இருட்டு எதுவும் அவற்றுக்குத் தடையில்லை. ஒவ்வொரு வீட்டு மாடியிலும் மூன்று தகடுகளை மூலை சேர்த்து ஒட்டிய ஒரு கூண்டு இருக்கும். மேலிருந்து வருகிற அலை அதில் பட்டுத் திரும்பும். கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து வீடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது காலையில் ரேஷன் கடை எதிரே உள்ள மின்பலகையில் வீட்டு வாரியாக ஒளிரும். இறங்கிய வீடு சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. ஊரில் பாதி சிவந்தால் சங்கு ஊதும். எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடுத்தவன் வீட்டு இறக்கத்தைக் காலையில் காபிக்கு முன் பார்க்கக் கிடைத்தால் மனிதன் என்ன ஆவான் என்று அதை வடிவமைத்தவர்கள் யோசிக்கவில்லை.

கொளஞ்சிநாதனுக்கு முந்திரிக்கொட்டை மண்டி. அவருடைய அப்பா காலத்தில் அந்த மண்டியில் வாங்க ஒரு படிக்கல், விற்க ஒரு படிக்கல் என்று ஊரே சொல்லும். அவருக்குப் பக்கத்து வீடு இளவரசன், சித்தப்பா மகன். இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு முழச் சந்து. பூனை போகும், பேச்சுவார்த்தை போகாது. பாகப்பிரிவினையில் பழைய வீட்டுக் கொல்லையை இரண்டாக வகுந்தபோது, தாத்தா நெல் கொட்டி வைத்த நிலவறை இளவரசன் பங்கிலும் பெரிய கிணறு கொளஞ்சிநாதன் பங்கிலும் விழுந்தன. ஆனால் கிணற்றில் இளவரசனும் முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று பஞ்சாயத்தில் எழுதிவிட்டார்கள். பங்காளி தன் எல்லைக்குள் குடத்தோடு வந்து போவதைக் கொளஞ்சிநாதனால் ஒரு கோடைகூடப் பொறுக்க முடியவில்லை. கிணற்றைத் தூர்த்தார். தூர்த்த இடத்தில் பங்காளி மறுபடி உரிமை கொண்டாடக் கூடாது என்று அதன் மேலேயே மாடி வீடு கட்டினார். இளவரசன் வழக்குப் போடவில்லை. நிலவறையை மேலே பலகை போட்டு மூடி, தளம் போட்டு, அவனும் ஒரு வீடு கட்டினான். அதில் ஒரு தளம் அதிகம். காய்ச்சலிலேயே பொல்லாதது பங்காளிக் காய்ச்சல். அதற்கு மாத்திரை கிடையாது.

ஜீரோ பிரச்சினை தொடங்கியது ரிஸ்வானா வந்த அன்றைக்கு. பரங்கிப்பேட்டைப் பெண், சுரங்க நிர்வாகத்தின் தரைக் கண்காணிப்புப் பிரிவில் பொறியாளர். அவள் ஜீப்பிலிருந்து இறங்கி நேராக இளவரசன் வீட்டுக்குள் போனாள். இதைத் தன் வாசலில் நின்று பார்த்த கொளஞ்சிநாதன் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே போனார்.

"என்னாம்மா, இங்க என்னா வேல?"

"ஊருக்கு ஒரு ஜீரோ வீடு வேணும் ஐயா," என்றாள் ரிஸ்வானா. "மேலேருந்து பாக்கும்போது ஈரக்காத்து ரேடார ஏமாத்தும். அதனால ஊருக்குள்ளேயே அசையாத ஒரு இடத்த வச்சிக்கிட்டு, மத்த வீடெல்லாம் அதவிட ஏறிச்சா இறங்கிச்சான்னு பாப்போம். உங்க தராசுல படிக்கல்லு மாதிரின்னு வச்சிக்கோங்களேன்."

"அப்ப அந்த ஜீரோ வூட்டுக்கு என்னா காட்டும்?"

"எப்பவும் ஜீரோதான் காட்டும்."

அவள் சொன்ன எல்லாவற்றிலும் அந்தக் கடைசி வரி மட்டும் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. எப்பவும் ஜீரோ. பேரப்பிள்ளை காலம்வரை பச்சை. அது போய் இவனுக்கா?

"இவன் வூட்டுல ஏன் வைக்கறீங்க?"

"போன ஆறு மாசக் கணக்குல மயிரிழைகூட அசையாம இருந்தது ரெண்டே வீடு. இவரோடது, உங்களோடது. ஜீரோவுக்குன்னு பெரிய கூண்டு வைக்கணும், உங்க மாடியில அதத் தென்னமரம் மறைக்கும். அதான் இங்க வந்தேன்."

மதியத்துக்குள் தென்னை தரையில் கிடந்தது. கஸ்தூரி கல்யாணமாகி வந்த வருஷம் நட்ட மரம் அது. அவள் கணவனைப் பார்த்த பார்வையில் அவர் அன்றே எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை.

ரிஸ்வானா பெரிய கூண்டைப் பொருத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாள். "இந்த வீட்டுக்கு அடியில குளம், குட்டை, கிணறு ஏதாச்சும் இருந்துச்சா ஐயா?"

"கட்டாந்தரைம்மா. கடப்பாறை போட்டா கடப்பாறதான் வளையும்."

சந்தில் நின்றிருந்த இளவரசனிடமும் அவள் கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

இளவரசன் தன் செருப்பைப் பார்த்தான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான்.

அதன் பிறகு சில வாரங்கள் கொளஞ்சிநாதன் நிலத்தில் நடக்கவில்லை. மண்டி ரசீதில் 'ஜீரோ வீடு, இலுப்பக்குப்பம்' என்று அச்சடித்தார். மகள் பூவிழியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரச் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது, "எங்க வூடு மாதிரி பத்திரமான எடம் இந்த ஜில்லாவுலேயே கெடையாது," என்று சொல்லித்தான் அழைத்துவந்தார். கூடத்தை ஒட்டிய பெரிய அறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள்.

பிறகு ஒரு காலையில் பலகையில் இளவரசன் வீட்டுக்கு நேரே 'ஏற்றம் 1' என்று வந்தது.

கொளஞ்சிநாதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பலகையில் ஊர் வீடுகள் அத்தனையும் இருந்தாலும் அவர் கண் அந்த ஒரு வரியைத் தவிர வேறெங்கும் போகாது. அடுத்த வாரம் ஏற்றம் 3. அதற்கடுத்து 6. தன் வீடு? ஜீரோ. எப்போதும்போல ஜீரோ. அதுவரை கிரீடமாக இருந்த அந்த வட்டம் இப்போது ஓட்டாண்டியின் திருவோடாகத் தெரிந்தது.

"அவன் வூடு ஏறிக்கினே போவுதுடி," என்றார் மனைவியிடம், சோற்றைப் பிசைந்தபடியே.

"ஊரே ஏறுதாம். ரேஷன் கடையில பேசிக்கிட்டாங்க," என்றாள் கஸ்தூரி.

"ஊரு ஏறிட்டுப் போவுது. அவன் ஏன் ஏறணும்?"

கஸ்தூரி ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அவர் ரிஸ்வானாவுக்குப் போன் செய்தார். "எம் பங்காளி வூடு ஏறுதும்மா. அதெப்டி ஏறும்? அவன் ஏதோ அடியில வேல பண்றான். வந்து பாருங்க."

ரிஸ்வானாவின் பொறுப்பில் அறுபது ஊர்கள். சிவப்பு விழுந்த ஊருக்கு ஓடவே அவளுக்கு நேரம் போதவில்லை. "ஏறினா நல்லதுதான ஐயா," என்றாள். "இறங்கினாத்தான் எங்களுக்குக் கவலை." அவள் சொன்னது உண்மை. அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கும் அதே கவலைதான். இறக்கத்துக்குச் சங்கு வைத்தவர்கள் ஏற்றத்துக்கு ஒரு மணிகூட வைக்கவில்லை.

இதற்கிடையில் பெரிய அறையின் சுவரில் ஒரு விரிசல் வந்தது. கதவு நிலையில் இடித்தது. பூவிழி, "அப்பா, பந்த வச்சா தானா உருண்டு மூலைக்குப் போவுதுப்பா," என்றாள். வேறு யாராக இருந்தாலும் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார்கள். கொளஞ்சிநாதனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது. பக்கத்து வீட்டு இரண்டாம் தளத்திலிருந்து ஒரு ஜோடிக் கண்கள் தினமும் தன் வீட்டைப் பார்க்கின்றனவே! வாசலில் பூசணிக்காய் கட்டினார். மாடியில் நாக்கைத் தொங்கப்போட்ட ராட்சத முகம் மாட்டினார், அதுவும் இளவரசன் வீட்டைப் பார்த்து. விரிசல் வளர்ந்தது. பூசணிக்காயின் எண்ணிக்கையும் வளர்ந்தது.

இளவரசன் வீட்டு வரி 30-ஐத் தாண்டிய அன்று அவர் முடிவுக்கு வந்தார். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிற ஆட்களைச் சேலத்திலிருந்து வரவழைத்தார்.

கஸ்தூரி முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள். "மாசமா இருக்கற பொண்ண வச்சிக்கினு வூட்டுல கை வைக்கறதா? ஆணி அடிக்கவே கூடாதும்பாங்க. நீ வூட்டையே பேக்கறன்ற!"

"ஒரு அடி தூக்கறன். பேக்கல."

"நீ தூக்கு, எறக்கு, என்னா வேணா பண்ணு. எம் பொண்ணு இங்க இருக்க மாட்டா."

அவள் மகளையும் தலையணையையும் சந்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டாள். இளவரசன் வாசலுக்கே வந்து, "வா பாப்பா, இதுவும் உன் வூடுதான்," என்று அழைத்துப்போனான். தன் மகள் அந்த வாசலில் கால் வைத்ததைப் பார்த்த கொளஞ்சிநாதனுக்கு வயிறு காந்தியது. மகள் போகிறாளே என்று அல்ல. அவன் வீட்டில் அறை தாராளமாக இருக்கிறதே என்று.

ஆட்கள் சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கி வைத்துத் திருகினார்கள். "பெரிய ரூம் பக்கம் ஜாக்கி உள்ள அமுங்குதுங்க," என்றான் ஒருவன். "பலகை வச்சித் தூக்கு. காசு தர்றன்ல," என்றார் இவர். சாயங்காலம் வீடு பழைய அடித்தளத்தைவிடச் சரியாக ஒரு அடி உயர்ந்து நின்றது. தானே டேப் பிடித்து அளந்தார். அன்றிரவு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

விடியும்போது சங்கு ஊதியது.

பலகை முழுக்கச் சிவப்பு. ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஒரே ராத்திரியில் இருநூறு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. நடுவில் ஒரே ஒரு பச்சை: ஜீரோ வீடு. ஜனங்கள் பாத்திரம், ஆடு, டிவி, ரேஷன் கார்டு என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். பூவிழியை இளவரசன் தன் வண்டியில் ஏற்றிப் போனான். கொளஞ்சிநாதன் மட்டும் ரேஷன் கடை எதிரே நின்று, இளவரசன் வீட்டுக்கு நேரே எரிந்த சிவப்பைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிஸ்வானா வந்து சேர்ந்தாள். தெருவில் ஒரு விரிசல் இல்லை. குழாய்கள் உடையவில்லை. கம்பங்கள் நேராக நின்றன. இருநூறு மில்லிமீட்டர் இறங்கிய ஊர் இப்படி இருக்காது. அவள் திரும்பினாள், செங்கல் அடுக்கின் மேல் புதுப்பெண் மாதிரி உயர்ந்து நின்ற ஜீரோ வீட்டைப் பார்த்தாள்.

"தூக்கினீங்களா?"

"என் வூடு. தூக்குவேன்."

"ஐயோ, ஐயா! படிக்கல்ல மாத்திட்டீங்களே! ஊர் இறங்கல. நீங்க ஏறியிருக்கீங்க." அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு போனில் பேசி, ஊர் அசையவில்லை, எல்லாரும் திரும்பலாம் என்று அறிவிக்கச் சொன்னாள். திரும்பி வந்தவர்கள் கொளஞ்சிநாதனைத் திட்டிய திட்டில் அவருடைய ஏழு தலைமுறையும் வந்து போயின. பூவிழி களைத்துப்போய் இளவரசன் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு நடுவே ரிஸ்வானா கையிலிருந்த கருவியைப் பார்த்தபடி நின்றாள். "எவ்வளவு தூக்கினீங்க?"

"ஒரு அடி."

"சரியா ஒரு அடியா?"

"நானே அளந்தன்."

"ஒரு அடின்னா முந்நூறு மில்லி. அப்ப ஊர் முந்நூறு இறங்கின மாதிரி காட்டணும். இருநூறுதான் காட்டுது. மீதி நூறு எங்க போச்சு?"

"உங்க சாட்டிலைட்டு தப்பு."

"வீடு ஒரு அடி ஏறியிருக்கு. ஆனா வீட்டுக்குக் கீழ இருக்கற தரை நூறு மில்லி இறங்கியிருக்கு. வேற வழியே இல்ல." அவள் குரல் தணிந்தது. "இத்தனை மாசமா ஊர் ஏறுதுன்னு காட்டிச்சே… ஐயா, படிக்கல்லு தேஞ்சா சரக்கு என்ன காட்டும்?"

மண்டிக்காரருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு கல் வைத்துப் பிழைத்த அப்பாவுக்குப் பிறந்தவர். "கூடுதலா காட்டும்," என்றார். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. ஊரில் யாரும் ஏறவில்லை. அவர்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.

"இங்க அடியில என்ன இருந்துச்சு?"

கஸ்தூரிதான் சொன்னாள். "கெணறும்மா. இவரு பங்காளி ஒரு கொடம் தண்ணி மொள்ளக் கூடாதுன்னு தூத்த கெணறு. அந்தப் பெரிய ரூமு அது மேலதான் நிக்குது."

ரிஸ்வானா எல்லாரையும் வாசலிலிருந்து விரட்டினாள். ஓடிப்போய்க் கட்டிலை எடுக்கப் பார்த்த கஸ்தூரியை இளவரசன்தான் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். அவர்கள் தெருவுக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். குடம் தண்ணீரில் மூழ்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் உள்ளே கேட்டது. தூசி அடங்கியபோது ஜன்னல் வழியே பெரிய அறை தெரிந்தது. தரை இல்லை. கட்டில் இல்லை. வட்டமாக ஒரு இருட்டு இருந்தது. முந்தாநாள் வரை பூவிழி அங்கேதான் படுத்திருந்தாள்.

கஸ்தூரி ஓசையில்லாமல் அழுதாள்.

ரிஸ்வானா இளவரசனிடம் திரும்பினாள். "அன்னிக்கு நான் கேட்டப்ப நீங்களும்தான நின்னீங்க? ஏன் சார் சொல்லல?"

"சொன்னா என்னாம்மா ஆவும்? ஜீரோ அவருக்குப் போவுதேன்னு பொறாமைல சொல்றான்னு சொல்லுவாரு. ஊரும் சொல்லும்." அவன் சொன்னதற்கு ஊர் தலையாட்டியது. நியாயம்தானே என்று இரண்டு பேர் வாய்விட்டே சொன்னார்கள்.

வாதம் செய்ய ரிஸ்வானாவுக்கு நேரமில்லை. அடுத்த செயற்கைக்கோள் கடப்பதற்குள் ஊருக்கு ஒரு புது ஜீரோ வேண்டும். இல்லாவிட்டால் அறுபது ஊர்களில் இது ஒன்று குருடாக இருக்கும். ஆறு மாதக் கணக்கில் அசையாமல் இருந்தது இரண்டே வீடு என்றால், மீதி இருப்பது ஒன்று.

"உங்க வீட்டுலதான் வைக்கணும் சார். இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க. உங்க வீட்டுக்கு அடியில ஏதாவது இருக்கா?"

இளவரசன் நிமிர்ந்து நின்றான். இத்தனை நாள் அவன் கொளஞ்சிநாதன் வீட்டு மாடியிலிருந்த பெரிய கூண்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதை யாரும் கவனித்ததில்லை. அந்தப் பக்கம் நாக்கைத் தொங்கப்போட்ட ராட்சத முகம் ஒன்றுதான் கவனித்திருக்கும்.

"கட்டாந்தரைம்மா," என்றான்.

"பொய்!" என்று கத்தினார் கொளஞ்சிநாதன். வீடு போனதற்குக்கூட அவர் அப்படிக் கத்தவில்லை. ஜீரோ சந்துக்கு அந்தப் பக்கம் போகிறதே! "நெலவற இருக்குதும்மா! எங்க தாத்தா நெல்லு கொட்டின நெலவற! மேல பலவ போட்டு மூடி வச்சிருக்கான்! குடுக்காதீங்க, அவனுக்குக் குடுக்காதீங்க!"

இளவரசன் சிரித்தான். ஊரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். "பாத்தீங்களா? நான் சொன்னன்ல?"

ஊர் சிரித்தது. கிணற்றுக்குள் வீடு போன பிறகும் இந்த மனுஷனுக்குக் காய்ச்சல் விடவில்லையே என்று சிரித்தது. கொளஞ்சிநாதன் தன் ஆயுளில் சந்துக்கு அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்ன ஒரே உண்மை அது. அதை நம்ப ஒரு ஆள் இல்லை.

ரிஸ்வானா மட்டும் சிரிக்கவில்லை. ஒருமுறை ஏமாந்தவள். கருவியில் பழைய மாதங்களை விரலால் தள்ளித் தள்ளிப் போய், நேற்றைய எண்களை எடுத்தாள். ஊரில் எல்லா வீடுகளும் ஒரே அளவு ஏறியதாகத்தான் இருக்க வேண்டும். இறங்கியது ஜீரோ வீடுதானே? ஒன்றைத் தவிர மற்ற எல்லா வீடுகளும் அப்படித்தான் இருந்தன.

"என்னாம்மா காட்டுது?" என்றார் கொளஞ்சிநாதன்.

"ஊருக்கு நாற்பது," என்றாள் அவள் மெதுவாக. "இவர் வீட்டுக்கு முப்பத்தொண்ணு. அப்ப இதுவும் ஒம்போது மில்லி இறங்கியிருக்கு."

இளவரசனின் சிரிப்பு நின்றது.

முப்பத்தொன்றா! ஊரிலேயே குறைவாக ஏறியவன் இவன்தானா! இத்தனை மாதம் பலகைக்கு முன் நின்றும் ஒரு நாளாவது பக்கத்து வரியைப் பார்க்காமல் போனோமே என்று கொளஞ்சிநாதனுக்கு ஆற்றாமையாக இருந்தது. பார்த்திருந்தால் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்! வயிற்றில் எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல அணைந்து, அங்கே ஒரு குளிர்ச்சி பரவியது. அவர் முகத்தில் புன்னகைகூட வந்துவிட்டது.

தன் மகள் அந்த வீட்டுக்குள் படுத்திருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.